குடியிருப்போர் பார்க்கிங் பெர்மிட்: நாகர்கோவில் தெருக்களுக்கு எது சரிவரும்? கேள்விகளும் பதில்களும்

வடசேரி, மீனாட்சிபுரம், செட்டிகுளம், வேப்பமூடு என்று கடைவீதியை ஒட்டிய எந்தத் தெருவில் குடியிருப்பவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். காலை பத்து மணி தாண்டினால் சொந்த வீட்டு வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. கடைக்கும் பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிறவர்கள் மெயின் ரோட்டில் இடம் கிடைக்காமல் பக்கத்துத் தெருவுக்குள் நுழைகிறார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்வதற்கில்லை, அவர்களுக்கும் வேறு இடமில்லை. இதற்கு ஐம்பது ஆண்டுகளாகப் பல நகரங்கள் நடத்திப் பார்த்திருக்கும் ஏற்பாடு, குடியிருப்போருக்கான பார்க்கிங் பெர்மிட். அதை முதலில் வந்த வடிவத்திலேயே இங்கே கொண்டுவந்தால் சண்டைதான் மிஞ்சும், திருத்தப்பட்ட வடிவத்தில் கொண்டுவந்தால் நம் தெருக்களுக்கு நல்லது என்பது என் கருத்து. குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் எழுந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இது மாநகராட்சியின் அறிவிப்பு அல்ல, மாநகராட்சி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் முன்வைக்கும் யோசனை.

பெர்மிட் வாங்கினால் என் வீட்டு முன்னால் உள்ள இடம் எனக்கே சொந்தமா?

இல்லை. இதை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பாதிச் சண்டை இந்த எண்ணத்திலிருந்துதான் கிளம்புகிறது. தெரு பொது இடம். பெர்மிட் என்பது, குறிப்பிட்ட சில தெருக்கள் சேர்ந்த ஒரு வட்டாரத்துக்குள், குறிப்பிட்ட நேரத்தில், காலியாக இருக்கிற கோடு போட்ட இடத்தில் நிறுத்திக்கொள்ளும் அனுமதி. உங்கள் வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தியிருந்தால் அடுத்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். கேட்டை மறித்து நிறுத்த மட்டும் யாருக்கும் உரிமையில்லை. பெர்மிட் இருந்தாலும் இல்லை.

வெளியூர்க்காரர் நிறுத்தக்கூடாது, உள்ளூர்க்காரர் நிறுத்தலாம் என்பது சட்டப்படி செல்லுமா?

இந்தக் கேள்வி அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில், அலுவலகங்கள் பெருகிய கிறிஸ்டல் சிட்டிக்கு வேலைக்கு வந்தவர்கள் பக்கத்துக் குடியிருப்பான அரோரா ஹைலண்ட்ஸ் தெருக்களில் காரை விட்டுவிட்டுப் போனார்கள். அங்கே குடியிருப்போருக்கு மட்டும் பெர்மிட் கொடுத்தபோது, இது பாரபட்சம் என்று வழக்குப் போட்டார்கள். தெருவில் சத்தத்தையும் புகையையும் குறைப்பதும், ஆட்களைப் பஸ்ஸுக்குத் திருப்புவதும் நியாயமான நோக்கங்கள், ஆகவே இந்த ஏற்பாடு செல்லும் என்று 1977-இல் தீர்ப்பு வந்தது.

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு இருக்கிறது. மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அதிகாரியோ, உள்ளாட்சி அமைப்பைக் கலந்துகொண்டு, வண்டிகள் எங்கே நிற்கலாம் என்று தீர்மானிக்கலாம் என்கிறது அது. டெல்லி 2019-இல் பார்க்கிங் இடங்களுக்கென்றே விதிகள் கொண்டுவந்து, லாஜ்பத் நகரில் வட்டார அளவில் திட்டம் போட்டது. பெங்களூரின் பார்க்கிங் கொள்கையிலும் குடியிருப்போர் பெர்மிட் இடம்பெற்றிருக்கிறது. ஆக, வழி இருக்கிறது. ஆனால் ஒரு தெருச் சங்கம் தானாகவே போர்டு எழுதி மாட்டி, ‘வெளியாள் வண்டிக்குத் தடை’ என்று சொன்னால் அதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது.

மற்ற ஊர்களில் நன்றாக நடக்கிறது என்றால், ஏன் திரும்பத் திரும்பத் திருத்துகிறார்கள்?

நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இங்கேதான் அதிகம். சான் பிரான்சிஸ்கோ 1976-இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் பிரச்சினை, வெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் கார். பெர்மிட் அதைத் தடுத்தது. பிறகு வீட்டுக்கு ஒரு கார் இரண்டானது, மூன்றானது. பெர்மிட் வைத்திருப்பவர்களின் கார்களே தெருவின் கொள்ளளவை மீறிவிட்டன. பாஸ்டனில் நெடுங்காலம் குடியிருப்போருக்குப் பெர்மிட் இலவசம், எத்தனை வேண்டுமானாலும் கொடுத்தார்கள். பல பேட்டைகளில் ஒட்டிய ஸ்டிக்கரின் எண்ணிக்கை, இருக்கிற இடத்தைத் தாண்டிப் போயிற்று. கையில் பெர்மிட் இருக்கும், நிறுத்த இடம் இருக்காது.

ஆகவே, திருத்தும் நகரங்கள் பெரும்பாலும் கை வைப்பது சில விஷயங்களில்தான். ஒரு வீட்டுக்கு எத்தனை என்ற உச்சவரம்பு. முதல் வண்டிக்கு ஒரு கட்டணம், அடுத்ததற்குக் கூடுதல் கட்டணம். ஸ்டிக்கருக்குப் பதில் வண்டி எண்ணைக் கணினியில் பதிவு செய்வது. விருந்தாளிகளுக்குத் தற்காலிக அனுமதி. லண்டனின் பல வட்டாரங்களில் வண்டி விடும் புகையின் அளவைப் பொறுத்துப் பெர்மிட் கட்டணம் மாறுகிறது. ஐம்பது வருடம் பட்டுத் தெரிந்துகொண்டதை அவர்கள் இப்போது சேர்க்கிறார்கள். புதிதாகத் தொடங்கும் நாம் முதல் நாளிலேயே சேர்த்துவிடலாம்.

எங்கள் தெரு அகலமே 20 அடிதான். பெர்மிட் கொடுத்தால் இடம் வந்துவிடுமா?

வராது. பெர்மிட் இடத்தை உண்டாக்காது, இருக்கிற இடத்தைப் பங்கிடும். ஆகவே முதல் வேலை அளவெடுப்பது. நாடாவைப் பிடித்து, காம்பவுண்டுச் சுவரிலிருந்து சுவர் வரை அளக்காமல், வண்டி ஓடக்கூடிய தார் அல்லது சிமென்ட் பரப்பை மட்டும் அளக்க வேண்டும். மூடியில்லாத ஓடையைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

20 அடி என்பது ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு காரின் அகலம் கிட்டத்தட்ட 1.75 மீட்டர், கதவு திறக்கவும் சுவரிலிருந்து தள்ளி நிற்கவும் சேர்த்தால் இரண்டு மீட்டர் போய்விடும். இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் மிஞ்சுவது இரண்டு மீட்டர். ஆம்புலன்ஸ் கண்ணாடியை உரசிக்கொண்டு போக வேண்டும். தீயணைப்பு வண்டியோ இரண்டரை மீட்டர் அகலம், அது தெருமுனையிலேயே நின்றுவிடும். ஆகவே 20 அடித் தெருவில் ஒரு பக்கம் மட்டும்தான் கார். 16 அடித் தெருவில் ஒரு பக்கம் நிறுத்தினால் மூன்று மீட்டருக்கும் குறைவாகவே வழி மிஞ்சும், தீயணைப்பு வண்டி திரும்ப முடியாது. அதற்குக் கீழே உள்ள தெருக்களிலும், கோட்டாறு பக்கத்து முடுக்குகளிலும் காருக்கு இடமே கிடையாது. டூவீலர் மட்டும். அங்கே குடியிருப்பவர்களுக்குப் பக்கத்துப் பெரிய தெருவில் பங்கு கொடுக்க வேண்டும்.

இனி எண்ணிக்கை. நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கார் நிற்கவும் எடுக்கவும் ஆறு மீட்டர் வேண்டும். காகிதத்தில் பதினாறு கார். ஆனால் அந்தப் பக்கத்தில் பத்து வீடு, பத்து கேட். கேட்டுக்கு மூன்று மீட்டர் வீதம் முப்பது மீட்டர் போயிற்று. முனைத் திருப்பம், மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் கழித்தால் எட்டு கார் நின்றாலே பெரிது. இரண்டு பக்கமும் சேர்த்து இருபது வீடு உள்ள தெருவில் எட்டு இடம். இந்த எட்டை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் மொத்தத் திட்டமும்.

அப்படியானால் யாருக்கு முதலில்?

வீட்டுக்குள் வண்டி நிறுத்த வழியே இல்லாதவர்களுக்கு. மாற்றுத்திறனாளி இருக்கும் வீட்டுக்கு அதற்கும் முன்னால், வாசலை ஒட்டியே ஓர் இடம். பிறகு மிச்சமிருந்தால் மற்றவர்களுக்கு, வீட்டுக்கு ஒன்று.

எனக்கு போர்ட்டிகோ இருக்கிறது, ஆனால் அதில் கடை வைத்திருக்கிறேன். எனக்குப் பெர்மிட் உண்டா?

உண்டு என்று சொன்னால் அது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். பிளான் அப்ரூவல் வாங்கும்போது பார்க்கிங் என்று காட்டிய இடத்தைக் கடையாகவோ வாடகை அறையாகவோ குடோனாகவோ மாற்றிவிட்டுக் காரைத் தெருவில் விடுவது நம் ஊரில் நிறைய நடக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019, காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் என்று அளவு சொல்லி, கட்டடத்துக்குள்ளேயே பார்க்கிங் விடச் சொல்கிறது. அப்படிக் காட்டப்பட்ட இடம் இருக்கிற வீட்டுக்கு, அந்த எண்ணிக்கை அளவுக்குப் பெர்மிட்டைக் குறைக்க வேண்டும்.

ஜப்பானில் 1962-இல் வந்த சட்டப்படி, கார் வாங்குபவர் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸிடம் சான்று வாங்க வேண்டும். இங்கே அந்த அளவுக்கு உடனே போக முடியாது. ஆனால் வீட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பெர்மிட் கொடுப்பது நாளைக்கே செய்யக்கூடியது.

சொந்தத் தெருவில் நிறுத்த ஏன் காசு கொடுக்க வேண்டும்? வரி கட்டுகிறோமே?

நியாயமான கோபம். சொத்து வரி, சாலை வரி எல்லாம் கட்டுகிறோம். ஆனால் சொத்து வரியைக் கார் இல்லாதவரும் பைக் மட்டும் வைத்திருப்பவரும் கட்டுகிறார்கள். சொத்து வரி கட்டும் இருபது வீட்டில் எட்டு வீட்டுக்கு மட்டும் ஒரு வசதி கிடைத்தால், அந்த எட்டு வீடு மற்றப் பன்னிரண்டு வீட்டுக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

நாம் நிலத்தைச் சென்ட் கணக்கில் பேசுகிறவர்கள். ஒரு கார் நிற்கும் இடம் ஏறத்தாழ 135 சதுர அடி, அதாவது ஒரு சென்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. செட்டிகுளம் பக்கம் அந்த அளவு நிலத்தின் விலை என்ன என்று ஊருக்கே தெரியும். பெங்களூர்க் கொள்கையில் சின்னக் காருக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாயில் தொடங்கிப் பெரிய வண்டிக்கு 5,000 வரை சொல்லப்பட்டது. இங்கே முதல் காருக்கு ஆண்டுக்கு 1,000 என்று வைத்தால் ஒரு நாளைக்கு மூன்று ரூபாய்கூட வராது. இரண்டாவது காருக்கு, இடம் மிஞ்சினால் மட்டும், பல மடங்கு.

நான் விட்டுக்கொடுக்க விரும்பாத நிபந்தனை ஒன்று இருக்கிறது. அந்தப் பணம் மாநகராட்சியின் பொதுக் கணக்கில் கரைந்துபோகாமல், அதே வார்டின் ஓடை மூடிக்கும் தெருவிளக்குக்கும் நடைபாதைக்கும் போக வேண்டும். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று தெருமுனையில் போர்டில் எழுத வேண்டும். அது நடக்காவிட்டால் மக்கள் கட்ட மாட்டார்கள், கட்டச் சொல்லவும் எனக்கு வாய் வராது.

டி.என். 74 என்றால் உள்ளூர் வண்டிதானே? அதைப் பார்த்து விட்டுவிடலாமே?

முடியாது. டி.என். 74 நாகர்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எண், டி.என். 75 மார்த்தாண்டத்தின் எண். நாகர்கோவில் கடைவீதிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த மாவட்டத்துக்காரர்கள்தான், அவர்கள் வண்டியும் இதே எண்தான். மறுபக்கம், திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துவிட்டுக் கே.எல். 01 வண்டியோடு திரும்பி வந்து இங்கே குடியிருப்பவர்களும் உண்டு. ஆகவே எண்ணைப் பார்ப்பதில் பயனில்லை, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள முகவரியைத்தான் பார்க்க வேண்டும்.

முகவரி மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், வெளிமாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் இங்குள்ள பதிவு எண் வாங்க வேண்டும் என்றும் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. பெர்மிட் வந்தால் இதை ஒழுங்காகச் செய்ய ஒரு காரணம் கிடைக்கும்.

நான் வாடகைக்கு இருக்கிறேன். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். எனக்குக் கிடைக்குமா?

கிடைத்தே தீர வேண்டும். குடியிருப்போர் பெர்மிட், சொத்துக்காரர் பெர்மிட் அல்ல. வாடகை ஒப்பந்தமோ, அந்த முகவரிக்கு வரும் கேஸ் இணைப்போ போதும் என்று விதியிலேயே எழுத வேண்டும். வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும் என்று வைத்தால் அதுவே ஒரு பேரமாகிவிடும்.

வளைகுடாவில் இருக்கிறவர் வீட்டில் கார் பதினோரு மாதம் சும்மா நிற்கிறது. அதற்கும் இடமா?

நம் மாவட்டத்துக்கே உரிய கேள்வி இது. லீவுக்கு வரும்போது ஓட்ட ஒரு கார், மீதி நாள் முழுக்க உறை போட்டுத் தெருவில். அவர்கள் உழைத்து வாங்கியது, மதிக்கிறேன். ஆனாலும் எட்டு இடத்தில் இரண்டு இப்படி உறை போட்டே நின்றால் தினமும் ஓடும் வண்டி எங்கே போகும்? லீவு மாதத்துக்கு மட்டும் குறுகிய காலப் பெர்மிட் கொடுக்கலாம். மற்ற நாளில் காரை வீட்டுக்குள்ளோ வாடகைக் கொட்டகையிலோ வைக்க வேண்டும்.

கல்யாணம், துட்டி (சாவு) என்று வந்தால் சொந்தக்காரர் வண்டிகளை என்ன செய்வது?

விருந்தாளிக்கு நாள் பாஸ் வேண்டும். ஆண்டுக்கு இத்தனை என்று வீட்டுக்கு வீடு, கார் இல்லாத வீட்டுக்கும் சேர்த்து, இலவசமாக. அந்த வீடுகளுக்குத்தான் வெளியிலிருந்து மகனோ மகளோ காரில் வருவார்கள். நிச்சயம், புதுமனை புகுவிழா போன்ற விசேஷங்களுக்கு முன்கூட்டிச் சொன்னால் தெருவுக்கே அன்று விலக்கு.

துட்டி வீட்டுக்கு எந்தப் பாஸும் கேட்கக் கூடாது. அபராதம் போடுகிறவர் அந்தத் தெருவில் அன்று நுழையவே கூடாது. யாரும் யாரிடமும் போய் அனுமதி கேட்கிற நேரமில்லை அது.

படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸுக்கு ஆண்டு பாஸ் கொடுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை விரட்டிவிடுவோமே?

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் கேள்விதான். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி தவிர, நகருக்குள் தெருவுக்குத் தெரு தனியார் ஆஸ்பத்திரிகளும் கிளினிக்குகளும் இருக்கின்றன. தோவாளையிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் பதற்றத்தில் வருகிறார். அவரிடம் பெர்மிட் கேட்பது மனிதத்தன்மை இல்லை.

ஆகவே பகலில் தெருவை முழுக்க அடைக்கக்கூடாது. இரண்டு மணி நேரம் வரை யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், அதற்கு மேல் பெர்மிட் வேண்டும் என்பதே நல்ல விதி. டாக்டரைப் பார்த்துவிட்டு, மருந்து வாங்கிவிட்டுப் போகிறவருக்கு அது பெரும்பாலும் போதும். ஆஸ்பத்திரிச் சீட்டு காட்டினால் கூடுதல் நேரம் கொடுக்கலாம். காலை ஒன்பதுக்கு விட்டுவிட்டு இரவு எட்டுக்கு எடுக்கிற வண்டிதான் தெருவை அடைக்கிறது, அதில் பெரும்பகுதி கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்ப்பவர்களின் வண்டி. அவர்களுக்கு இடம் ஏற்பாடு செய்ய வேண்டியது அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம். ஐந்து மாடிக் கட்டடம் கட்டிக் கீழ்த்தளப் பார்க்கிங்கைப் பூட்டி வைத்திருக்கும் இடங்களை மாநகராட்சி முதலில் திறக்கச் சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் பெர்மிட் மட்டும் கொண்டுவந்தால் நெரிசல் அடுத்த தெருவுக்கு நகரும், அவ்வளவுதான்.

திருவிழா நாளில்?

ஆவணி ஞாயிறுகளில் நாகராஜா கோவிலைச் சுற்றியும், டிசம்பர் 3 வரை நடக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழாவிலும் பெர்மிட் விதி நிறுத்திவைக்கப்பட வேண்டும். ஞாயிறு காலை ஆராதனை நேரத்திலும், இடலாக்குடி பக்கம் வெள்ளி ஜும்மா நேரத்திலும் அப்படியே. இந்த ஊர் மூன்று சமயத்தாரும் கலந்து வாழ்கிற ஊர். ஒருவர் வழிபாட்டுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் அது பார்க்கிங் பிரச்சினையோடு நிற்காது.

வீட்டு முன்னால் பூந்தொட்டி, கல், பழைய டயர் வைத்து இடம் பிடிக்கலாமா?

கூடாது. ஆக்கிரமிப்பு. ஓடைக்கு மேல் தெருப்பக்கம் நீட்டிக் கட்டிய சாய்தளமும் அப்படித்தான்: தெருவைச் சுருக்குவதோடு ஓடையைத் தூர்வாரவும் விடாது, வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இவற்றை எடுத்த வீட்டுக்குத்தான் பெர்மிட் என்று நிபந்தனை வைக்கலாம்.

டூவீலருக்கும் பெர்மிட்டா?

வேண்டாம். ஒரு கார் நிற்கும் இடத்தில் நான்கைந்து பைக் நிற்கும். அவற்றுக்குத் தனிக் கட்டம் வரைந்து கொடுத்தால் போதும்.

கன்னியாகுமரி டவுனுக்கும் இதே திட்டம் பொருந்துமா?

பொருந்தாது, அங்கே நோய் வேறு. நாகர்கோவிலில் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி நெரிசல். கன்னியாகுமரியில் கார்த்திகை மாதம் ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்கியதும் சீசன் ஆரம்பித்து, பொங்கல் விடுமுறை வரை ஓடும். சூரிய உதயம் பார்க்க விடியற்காலையிலேயே வேன்களும் பஸ்களும் வந்துவிடும். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலும் கடலோர மீனவர் தெருக்களிலும் குடியிருப்பவர்கள், வலையையும் மீனையும் கொண்டுபோகும் டெம்போவை எடுக்க முடியாமல் அவதிப்படுகிறார்கள்.

அங்கே தேவை சீசன் பெர்மிட்: நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும் வரை, இரவும் பகலும், குடியிருப்புத் தெருக்களில் வெளி வண்டி நிற்கக்கூடாது. சுற்றுலா வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தி, அங்கிருந்து சிறிய பஸ்ஸில் ஆட்களைக் கொண்டுவர வேண்டும். மீன்பிடித் தொழில் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

மீறினால் யார் பிடிப்பார்கள்?

அபராதம் போடும் அதிகாரம் போக்குவரத்துப் போலீஸிடம் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவுப்படி பொது அபராதம் முதல்முறை 500 ரூபாய், அடுத்தமுறை 1,500. தடைசெய்த இடத்தில் நிற்கிற வண்டியையும், பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடக்கும் வண்டியையும் இழுத்துப்போகவோ சக்கரத்தைப் பூட்டவோ 127-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், அதை ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்துவிடலாம். வண்டி எண்ணைப் போனில் தட்டினால் பெர்மிட் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். தெருக்காரர்களே காவல் காப்பதும் காற்றைப் பிடுங்கிவிடுவதும் நடக்கக்கூடாது.

எங்கள் தெருவில் வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

உங்கள் தெரு மாநகராட்சியுடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முதலில் பாருங்கள். கேப் ரோடு, கே.பி. ரோடு போன்ற பெரிய சாலைகளில் இதைக் கேட்கவே வேண்டாம், உள்தெருவுக்குத்தான் இது. பிறகு ஒரு வேலைநாளும் ஒரு ஞாயிறும், காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை, நிற்கிற வண்டிகளின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையிலும் மதியத்திலும் ஒரே வெளி வண்டி நின்று, இரவில் அது இல்லாவிட்டால் பிரச்சினை வேலைக்கு வருகிறவர்களால், பெர்மிட் உதவும். இரவிலும் தெரு நிறைந்திருந்தால் பிரச்சினை உங்கள் தெருவின் சொந்த வண்டிகளால், பெர்மிட் மட்டும் போதாது. இந்தக் குறிப்போடு, தெரு அகலத்தையும் வீடுகளின் எண்ணிக்கையையும் எழுதி, பாதிக்கு மேற்பட்ட வீடுகளின் கையெழுத்து வாங்குங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

மாநகராட்சியின் 52 வார்டுகளிலும் கவுன்சிலர் இருக்கிறார், பகுதி சபைக் கூட்டத்தில் அவர் முன்னால் வைத்துத் தீர்மானமாக்குங்கள். அதன் நகலை ஆணையருக்கும், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்திலும், போக்குவரத்துப் போலீஸுக்கும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதச் சோதனையாக, நாலைந்து தெருக்களில் மட்டும் என்று கேளுங்கள், ஒரே தெருவுக்குக் கேட்டால் வண்டிகள் அடுத்த தெருவுக்குத்தான் போகும். ஆறு மாதம் கழித்து அதே மூன்று வேளைக் கணக்கை மறுபடி எடுப்பது என்பதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.